மருத்துவத்துக்கு முன்னால் ஒரு வருடம்

அம்மா என் படத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

கத்தரிக்கோலால் இல்லை, பெருவிரலால். சமையலறை மேசையில், உரித்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்து, திரையின் கீழ் ஓரத்தைப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டே போனார். முதலில் என் சப்பாத்து போனது. பிறகு முழங்கால். இடுப்பும் போனது. வெள்ளைச் சட்டையின் கழுத்தும் சிரிக்காத முகமும் மட்டும் மிஞ்சியபோது விரலை எடுத்தார்.

“ஏனம்மா வெட்டுறீங்கள்?”

“சும்மாதான். முகம் வடிவாத் தெரியட்டும்.”

முகத்துக்காக அவர் வெட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அங்கேதான் வரும். முழங்கால் வரை நீண்ட வெள்ளை அங்கி டொக்டர்மாருக்கு. இடுப்போடு நின்றுவிடும் கட்டைச் சட்டை மற்றவர்களுக்கு. நான் போட்டிருந்தது கட்டை. ஆகவே வெட்டு இடுப்புக்கு மேலே விழுந்தது.

படம் குடும்பக் குழுவுக்குப் போனது. கூடவே ஒரு சொல் இல்லை, கும்பிடும் கை மட்டும். நான் வெங்காயத்தை நறுக்கி முடிப்பதற்குள் மன்னாரில் இருந்தும் பாரிசில் இருந்தும் வாழ்த்து வரத் தொடங்கிவிட்டது. ‘எங்கட குடும்பத்தின் முதல் டொக்டர்’ என்றார் ஒரு மாமா. அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் பொய் சொல்ல அம்மாவிடம்தான் படிக்கவேண்டும்.

உண்மையில் நான் அப்போது மருத்துவ மாணவிகூட இல்லை. ‘இரண்டு நாள் வந்து வேலையைப் பாருங்கள், பிறகு முடிவு சொல்லுங்கள்’ என்று ஓர் ஆஸ்பத்திரி கூப்பிட்டிருந்தது. முதல் நாள் முடிந்திருந்தது. அந்த நாளில் நான் செய்த பெரிய காரியம், படிக்கட்டில் ஒளிந்து நின்றதுதான்.

குட்டி போட்ட பூனை

அந்தக் கோடை முழுவதும் எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஜெர்மனியில், எர்லாங்கன் நகரில் எங்கள் வீடு மூன்று அறை. அந்த மூன்று அறைக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தேன். நின்றால் கைபேசியைப் பார்த்தேன். பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. மறுபடி நடந்தேன்.

பள்ளியின் கடைசிப் பரீட்சையில், இங்கே அபிட்டூர் என்பார்கள், நல்ல புள்ளிதான் எடுத்திருந்தேன். சட்டமோ உயிரியலோ என்றால் கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள். மருத்துவத்துக்கு அது மயிரிழையில் போதவில்லை. விண்ணப்பித்த இடமெல்லாம் இல்லை என்றது. ஜெர்மன்காரர் ‘இல்லை’ என்ற சொல்லையும் மிக மரியாதையாகச் சொல்வார்கள். வாசித்து முடித்த பிறகுதான் வலிக்கும்.

மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, லைப்சிக்கில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய அடித்தள ஆண்டு. இரசாயனம், பௌதிகம், உடற்கூறு எல்லாவற்றையும் ஒரு வருடம் அரைத்துப் புகட்டி, மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் பழக்கிவிடுவார்கள். மற்றது, படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் தொண்டு வேலை. கட்டில் விரிப்பது, சாப்பாடு கொடுப்பது, ஆட்களைக் கழுவுவது. சில பல்கலைக்கழகங்கள் அந்த வருடத்தையும் கணக்கில் எடுக்கும்.

எதற்குப் போனாலும் பிறகு மருத்துவத்துக்கு இடம் நிச்சயம் இல்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே வாரத்தில் பதில் சொல்லவேண்டும்.

அம்மாவுக்கு லைப்சிக்தான். கட்டணத்தைப் பற்றி என்னை வாயே திறக்க விடவில்லை. அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை. அவர் எந்த அறையில் யாருடன் இருக்கிறாரோ அவருடைய கட்சி. கீழ்வீட்டில் ஓர் எஞ்சினியர் இருந்தார், கோயம்புத்தூர்க்காரர். அவர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டே அம்மாவுக்குச் சொன்னார்: “கேப் இயர்னா கொஞ்சம் ரிஸ்க்குங்க. ஃபவுண்டேஷன்னா ஒரு ஸ்ட்ரக்சர் இருக்கும்.” அம்மாவுக்கு அந்த ஸ்ட்ரக்சர் பிடித்துப்போயிற்று. ஒரு கிழமைக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. படிப்பு எனக்கு வரும், அதில் சந்தேகமில்லை. மனிதரைத் தொட வருமா? அதுதான் தெரியவில்லை. அதுவரை நான் ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. காய்ச்சலில் கிடக்கும் அப்பாவின் நெற்றியைக்கூட வெப்பமானியால்தான் தொடுவேன். லைப்சிக்குக்குப் போனால் அந்தக் கேள்வியை நெடுநாள் தள்ளிப்போடலாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் நாள் காலையிலேயே பதில் சொல்லவேண்டும்.

ஒரு வாசகருக்குப் பதில்

‘ஜெர்மனியில் பிறந்தவளுக்கு இந்தளவு தமிழ் எப்படி?’ என்று இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுப்பது அம்மாவோ என்று அவருக்குச் சந்தேகம். ஐயா, அம்மா எழுதினால் இந்தத் தொடர் வேறு மாதிரி இருக்கும். அதில் நான் பிறந்த அன்றே டொக்டர்.

எல்லாம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் புண்ணியம். மற்றப் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குப் போகும் நேரத்தில் நாங்கள் ஒரு பாடசாலைக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ழகரம் பழகினோம். அங்கே ‘நான் வளர்ந்த பின்’ என்று ஒரு கட்டுரை வருடம் தவறாமல் வரும். எல்லோரும் டொக்டர் என்றே எழுதுவோம். ஒருவன் மட்டும் பஸ் ஓட்டுவேன் என்று எழுதினான். ஆசிரியை அவனைக் கூப்பிட்டு, மாற்றி எழுதச் சொன்னார். அவனும் டொக்டர் ஆனான். ஆக மொத்தம் எங்கள் வகுப்பில் எல்லோரும் டொக்டர், நோயாளியாக இருக்க ஒருவரும் இல்லை.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. படகிலும் லொறியிலும் வந்து சேர்ந்த ஒரு தலைமுறைக்குப் பிள்ளை டொக்டர் ஆனால்தான் வந்த வழிக்கு ஒரு நியாயம் கிடைக்கும். அந்த நியாயத்தை நாங்கள் பிறந்த நாள் முதல் சுமந்தோம். எனக்குச் சில நாள் அது கோபம் தரும். சில நாள் அம்மாவின் கைகளைப் பார்த்தால் கோபம் போய்விடும்.

படிக்கட்டு

முதல் நாளுக்கு வருகிறேன். என்னைத் தன்னுடன் கூட்டிக்கொண்டு போனவர் ஆன்யா என்ற மூத்த தாதி. உயரமான பெண், அவர் கதைப்பதே கட்டளை மாதிரி இருக்கும். ஒரு வயதான அம்மையாரைக் கழுவவேண்டியிருந்தது. ஆன்யா அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைத் துடை என்றார்.

இளஞ்சூட்டுத் தண்ணீர். மஞ்சள் துவாய். முதுகுத் தோல் கடதாசியாக மெலிந்து, உள்ளே நீல நரம்பு ஓடியது. படுக்கையில் இருந்து எழுந்த வாடையைப் பற்றி எழுதவேண்டாம். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை போகவில்லை. போ என்று நான் சொன்னேன், அது கேட்கவில்லை.

“வாயால் மூச்சை எடு” என்றார் ஆன்யா.

எடுத்தேன். பிறகு மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு வெளியேறிப் படிக்கட்டில் போய் நின்றேன். வெட்கத்தில் காது சுட்டது. இவ்வளவுதானா நான்? பத்து வயதில் இருந்து டொக்டர் என்று கட்டுரை எழுதியவள், ஒரு கிழவியின் முதுகுக்குப் பயந்து ஓடி வந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அன்று பின்னேரம், உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் எடுத்த படத்தை அம்மா கேட்டார் என்று அனுப்பினேன். வெட்டிய கதையை மேலே சொல்லிவிட்டேன். அதே மேசையில் வைத்து, “அம்மா, நான் லைப்சிக்குக்கே போறன்” என்றேன்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். இரவுக்கு இறால் பொரித்தார். அப்பா என் பக்கத்தில் இருந்ததால் அவருக்கும் சம்மதம்.

ஆனாலும் இரண்டாம் நாள் போயே ஆகவேண்டும். வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு வராமல் விடுவது இந்த நாட்டில் கொலைக்குச் சமம்.

றீற்றா அன்ரி

மறுநாள் காலை சாப்பாட்டுத் தட்டோடு ஓர் அறைக்குள் போனேன். கட்டிலில் எங்கள் றீற்றா அன்ரி. மாதத்துக்கு ஒருமுறை தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில் அம்மாவுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவர். மன்னார்ப் பக்கம். ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் வேலை. சீனி வியாதி. வலது காலில் ஒரு விரல் கறுத்துப்போய் முதல் நாள் இரவு கொண்டுவந்திருக்கிறார்கள். காலைக் கீழே வைக்கக்கூடாது என்று உத்தரவு.

என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“மாதாவே! எங்கட டொக்டர் பிள்ளை!”

படம் பாரிசுக்குப் போய், பூசைக் குழுவுக்குத் திரும்பி, இவருடைய கட்டிலுக்கு வந்து சேர ஓர் இரவு போதுமாக இருந்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“விரலை எடுக்கோணுமாம் பிள்ளை. கையெழுத்துக் கேக்கினம். எனக்கு இவையின்ர கதை முழுக்க விளங்கேல்ல. நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். நீ ஒருக்காப் பாத்துச் சொல்லு. நீ சொன்னா வைக்கிறன்.”

அன்று காலை நேர வேலையில் இருந்தவர் தோபியாஸ் என்ற இளம் ஆண் தாதி. அவர் கட்டுத் துணியை அவிழ்த்து, காயத்தின்மேல் ஒரு மெல்லிய துணியை மூடிவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போயிருந்தார். அன்ரியின் கண் என்மேல். நான் துணியின் நுனியைத் தூக்கினேன்.

விரல் கறுப்பு. அதன் அடியில் சிவப்பு புறங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வாடையும் இருந்தது. பார்த்தேன். வடிவாகப் பார்த்துவிட்டுத் துணியை மூடினேன்.

அந்த நேரம் டொக்டர் உள்ளே வந்தார். நரைத்த கட்டைக் கூந்தல், களைத்த முகம். கையெழுத்து இன்றே வேண்டும், தொற்று ஏறுகிறது என்று மெதுவாக விளக்கினார். அன்ரி தன் சமையலறை ஜெர்மனில், என்னைக் காட்டி, “முதலில் என் டொக்டர் சொல்லட்டும்” என்றார்.

டொக்டர் திரும்பி என் நெஞ்சைப் பார்த்தார். அங்கே ‘பார்வையாளர்’ என்று எழுதிய தாள் ஒட்டியிருந்தது.

இப்போது நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். உண்மையைச் சொன்னால் மாலைக்குள் பூசைக்கு வரும் அத்தனை பேருக்கும் அம்மா பொய்க்காரி. சொல்லாமல் தலையை ஆட்டினால் அன்ரி கையெழுத்து வைப்பார், விரல் போனாலும் கால் தப்பும். நல்ல காரியம்தானே என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்பார். மருந்தைப் பற்றிக் கேட்பார், மற்றக் காலைப் பற்றிக் கேட்பார்.

“அன்ரி, நான் டொக்டர் இல்லை” என்றேன். “படிக்கவும் தொடங்கேல்ல. எனக்கு இடம் கிடைக்கேல்ல. ரெண்டு நாள் வேலை பாக்க வந்தனான்.”

டொக்டருக்கும் ஜெர்மனில் அதையே சொன்னேன். அவர் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கிறேன் என்று வெளியே போனார்.

அன்ரியின் முகம் இறுகியது. “அப்ப ஏன் துணியைத் தூக்கிப் பாத்தனி?”

“நீங்கள் பாக்கச் சொன்னீங்கள்.”

“டொக்டர் எண்டு நினைச்சுத்தானே சொன்னனான்! ஒரு பிள்ளைக்கு உந்தக் காலைக் காட்டியிருப்பனோ?” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். போகவா, நிற்கவா என்று தெரியவில்லை.

சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: “உண்மையா நீ டொக்டர் இல்லையோ?”

“இல்லை அன்ரி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சட்டென்று என் பக்கம் திரும்பினார். “அப்ப கெதியா என்னைக் கக்கூசுக்குக் கொண்டு போ. விடியத் தொடக்கம் அடக்கிக்கொண்டு கிடக்கிறன். முதல் வந்தவன் ஆம்பிளை. பிறகு நீ வந்தாய். டொக்டரிட்டப் போய் இதைக் கேக்கலாமோ?”

தண்ணீர்

ஓடிப்போய் ஆன்யாவைக் கூட்டிவந்தேன். துளை வைத்த சக்கர நாற்காலி வந்தது. அன்ரியின் கை என் கழுத்தைச் சுற்றியது. கனமான கை, சோப்பும் வியர்வையும் மணத்தது. ஆன்யா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கினோம். கால் நிலத்தில் படவில்லை.

முடிந்ததும் ஆன்யா துடைக்கும் கடதாசியை நீட்டினார். அன்ரி அதைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் மலசலகூடத்தில் ஒரு வாளியும் கோப்பையும் உண்டு. பள்ளித் தோழிகள் வந்தால் மட்டும் அதை ஒளித்துவைப்போம்.

“தண்ணி வேணும்” என்றேன் ஆன்யாவிடம். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்ரிக் குவளை கிடைத்தது. கையுறை போட்டேன். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் பார்த்தேன். ஊற்றினேன், கழுவினேன், துடைத்தேன்.

அன்ரி கண்ணை மூடிக்கொண்டு, “அப்பாடா” என்றார். “நேற்றில இருந்து இப்பதான் மனுசியா இருக்கிறன்.”

கையுறையைக் கழற்றும்போதுதான் கவனித்தேன், கை போயிருந்தது. முதல் நாள் கேட்காத கை. வாயாலும் நான் மூச்செடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆன்யா பார்த்துவிடுவார் என்று குவளையை அலம்பிக்கொண்டு நின்றேன்.

கட்டிலில் படுத்ததும் அன்ரி கேட்டார்: “விரல் இல்லாமல் நடக்க ஏலுமோ பிள்ளை? நின்று சமைக்க ஏலுமோ?”

“எனக்குத் தெரியாது அன்ரி. டொக்டரிட்டக் கேப்பம். நீங்கள் என்னென்ன கேக்கோணும் எண்டு முதல் யோசியுங்கோ.”

தொலைபேசியில் வந்தவர் சென்னைத் தமிழர். “இன்ஃபெக்ஷன் ஸ்ப்ரெட் ஆகிடுங்க மேடம்” என்றார். அன்ரி, “நான் நின்று வேலை செய்யிறனான், அதைக் கேளுங்கோ” என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். டொக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். நடக்கலாம், புதிய சப்பாத்து வேண்டும், பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். அன்ரி கையெழுத்து வைத்தார். நான் அறையின் மூலையில் நின்றேன், என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா

வீட்டுக்கு வந்து சொன்னேன். றீற்றா அன்ரியிடம் சொன்னதையும், லைப்சிக் வேண்டாம் என்பதையும் ஒரே மூச்சில்.

“எல்லாத்தையும் சொன்னனியோ?”

“ஓம்.”

“இடம் கிடைக்கேல்ல எண்டதையுமோ?”

“ஓம் அம்மா.”

அம்மா கதிரையில் இருந்தார். “ஊர்வாயை மூட உலைமூடி இருக்கோ? இனி ஒவ்வொருத்தியும் கேப்பாள். நான் பொய் சொல்லேல்ல. படம்தானே போட்டனான்.” பிறகு குரல் உடைந்தது. “நான் வந்த நாள் தொட்டு மற்றாக்களின்ர பீத்துணி தோய்க்கிறன். நீயாவது அதைத் தொடக்கூடாது எண்டுதானே தோய்ச்சனான். நீ போய்க் கையால அள்ளப் போறன் எண்டு நிக்கிறாய்.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் அழுததைப் பார்க்க நெஞ்சு பிளந்தது, ஆனாலும் என் முடிவு அசையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவருக்குள் இருக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். அப்பா இருவருக்கும் நடுவில் நின்று, எந்தக் கட்சி என்று தெரியாமல் தேநீர் போட்டார்.

மறுநாள் லைப்சிக்குக்கு வரவில்லை என்று அறிவித்தேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றேன். அம்மா என்னுடன் கதைப்பதை நிறுத்தினார். சாப்பாடு மேசையில் இருக்கும், கதை இருக்காது. நான் மறுபடி மூன்று அறைக்குள் நடந்தேன். ஒரு வருடத்தை வீணாக்குகிறேனோ, பிறகும் இடம் கிடைக்காவிட்டால் என்ன முகத்தோடு நிற்பேன் என்று ஒவ்வொரு காலையும் தோன்றும். அதற்கு மருந்து கிடையாது. வேலைக்குப் போனால் கொஞ்சம் குறையும்.

வேலை தொடங்கியபோதும் றீற்றா அன்ரி அங்கேதான் இருந்தார். விரல் போய்விட்டது, காயம் ஆற நாள் எடுத்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் கூட்டமாக அவரைப் பார்க்க வந்தார்கள். அந்தக் கூட்டத்தில், கையில் கஞ்சிப் போத்தலோடு அம்மா. நான் வேலை செய்யும் இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். இன்னொருத்தி, தெரிந்துகொண்டேதான், சிரித்தபடி கேட்டாள்: “இது ஆர், டொக்டர் அம்மாவோ வாறா?”

எனக்கு முகம் எரிந்தது. வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

“டொக்டர் இல்லை. என்ர மகள்” என்றார். கஞ்சிப் போத்தலை மேசையில் வைத்தார். “எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. அவ றீற்றா அக்காவைக் கழுவோணும்.”